பூனைவணங்கியும் புறநாட்டுப் பூண்டும்

மார்கழி மழை ஓய்ந்து, தை மாதத்து இளவெயில் காயத் தொடங்கியதும், வந்தாறுமூலையிலுள்ள வீட்டு வளவுகளில் புல்லும் பூண்டும் மண்டிக் கிடக்கும். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் பெருந்தெருவில், செங்கலடிக்கும் சித்தாண்டிக்கும் இடையே அமைந்த ஊர் அது. கிழக்குப் பல்கலைக்கழகத்தால் அதன் பெயர் இன்று பலருக்கும் தெரியும். எனினும், வயலும் வாவியும் சூழ்ந்த பழைய வாழ்க்கை அங்கே முற்றும் மறைந்துவிடவில்லை. நெல் வைத்திருக்கும் வீட்டில் எலி உண்டு. எலி உள்ள வீட்டில் பூனையும் உண்டு.

அத்தகைய வீடொன்றிலே பாட்டியாரும் பேரனும் கிணற்றடியில் களை பிடுங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பிடுங்கிய பூண்டுகள் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கின்றன. திண்ணையிலே துயின்றுகொண்டிருந்த பூனை திடீரென எழுந்து வருகிறது. குவியலை முகர்கிறது, ஒரு வேரைக் கௌவிக் கடிக்கிறது, தலையை உதறுகிறது, கன்னத்தை அவ்வேரிலே தேய்க்கிறது, பின்னர் மண்ணிலே விழுந்து இப்புறமும் அப்புறமும் புரள்கிறது. வாயிலிருந்து உமிழ்நீர் வடிகிறது.

“அம்மம்மா, பூனைக்கு விசம் ஏறிற்றா?” என்று சிறுவன் அஞ்சி ஓடுகிறான்.

“பயப்படாத மனே! அது குப்பைமேனி வேர். கொஞ்ச நேரத்தில தெளிஞ்சிரும்” என்கிறார் பாட்டியார்.

பாட்டியார் கூறியது உண்மை. கால் மணி நேரத்திற்குள் பூனை எழுந்து, உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது போலத் திண்ணைக்குத் திரும்பிவிடுகிறது. இந்தச் சிறு காட்சிக்குள்ளே தமிழ் மருத்துவரின் பழைய அறிவும், இரசாயனவியலாரின் புதிய ஆராய்ச்சியும், வீட்டிலுள்ளோர் கட்டாயம் அறிந்திருக்கவேண்டிய எச்சரிக்கையும் அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

மேனாடுகளிலே பூனை வளர்ப்போர் தம் செல்லப்பிராணியை மகிழ்விப்பதற்குக் ‘கேட்னிப்’ என்னும் ஒரு பூண்டினை வாங்கிக் கொடுப்பர். இன்று கொழும்பிலுள்ள செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் அது கிடைக்கிறது. உலர்ந்த இலையாகவும், தெளிக்கும் நீராகவும், துணியாற் செய்த எலிப்பொம்மைக்குள் திணித்த பொதியாகவும் அதனை விற்பர். தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் நெப்பெற்றா கற்றேரியா என்பதாகும். நம் வீடுகளில் வளரும் துளசியும் கறிக்கிடும் புதினாவும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது அது. ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் அதன் தாயகம். குடியேறிய மக்களோடு அமெரிக்காவுக்குச் சென்று அங்கும் பரவிவிட்டது.

அப்பூண்டின் ஆற்றலுக்குக் காரணமான பொருள் நெப்பெற்றலக்ரோன் எனப்படும். 1941ஆம் ஆண்டிலே அமெரிக்க இரசாயனவியலார் கேட்னிப்பின் எண்ணெயிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலே அது தங்கியிருக்கும். இலை கசங்கும்போது சுரப்பி உடைந்து மணம் வெளிப்படும். பூனை அதனை உண்டு மயங்குவதில்லை; மூக்கின் வழியாகவே அவ்விளைவு உண்டாகிறது. இலையைக் கடிப்பதும் மெல்லுவதும் மேலும் மணத்தை வெளிக்கொணர்வதற்கு உதவுகின்றன.

எல்லாப் பூனைகளும் இதற்கு வசப்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பூனைகளே வசப்படும். 1962ஆம் ஆண்டில் நீல் ரொட் என்னும் அறிஞர் இவ்வியல்பு பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்குப் பரம்பரையாக வருவது என்று காட்டினார். ஒரே மரபணுவால் அது வருகிறது என்பது அவர் கருத்து. பின் வந்த ஆராய்ச்சியாளர் பல மரபணுக்கள் சேர்ந்தே அதனை நிருணயிக்கின்றன என்கின்றனர். மிக இளங்குட்டிகள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மூன்று முதல் ஆறு மாதம் ஆன பின்னரே அந்த உணர்ச்சி தோன்றும். ஆகவே பணம் கொடுத்து வாங்கிய பொதியைப் பூனை முகர்ந்துவிட்டு வாளா சென்றால், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. பூனையின் பிறப்பே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இனி, நம் கிணற்றடிக்குத் திரும்புவோம். குப்பைமேனி கேட்னிப்பின் உறவுச் செடியன்று. ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. தாவரவியலார் அதனை அக்கலிபா இண்டிகா என்பர். முழங்கால் உயரம் வரை வளரும் அதன் இலை முட்டை வடிவானது, ஓரம் வாட்பற்கள் போன்றது, காம்பு நீண்டது. இலைக் கக்கங்களிலிருந்து மெல்லிய கதிர்கள் எழும். கதிரிலே பல் விளிம்புடைய பச்சைக் கிண்ணங்களைப் போன்ற சிறு இலைகள் அமைந்திருக்க, அவற்றுள்ளே பெண் பூக்கள் ஒளிந்திருக்கும். இந்தக் கிண்ணங்களே செடியை இனங்காண்பதற்கு உறுதியான அடையாளம்.

குப்பைமேட்டிலும் வளர்ந்து, மேனியைப் பேணும் மருந்தாகவும் பயன்படுவதால் அப்பெயர் வந்தது என்பர். சிங்கள மக்களும் அதனைக் ‘குப்பமேனியா’ என்றே வழங்குகின்றனர். கொச்சியிலே ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் றீட் என்பவர் 1678ஆம் ஆண்டு தொடங்கி 1693ஆம் ஆண்டு வரை வெளிவரச் செய்த மலையாளத் தாவரங்கள் பற்றிய பெருநூலிலும் அது நாட்டுப் பெயராலேயே இடம்பெற்றது. சித்த மருத்துவரோ அதற்குப் பல பெயர்களை இட்டனர். அவற்றுள் இரண்டு நம் கருத்தைக் கவர்வன. ஒன்று ‘பூனைவணங்கி’, மற்றொன்று ‘மார்ச்சாலமோகினி’. மார்ச்சாலம் என்பது பூனையைக் குறிக்கும் வடசொல். பூனையை மோகிக்கச் செய்வது என்பது பொருள். பூனை அச்செடியின் முன் தலை தாழ்த்திப் புரள்வதைக் கூர்ந்து நோக்கியவரே இப்பெயர்களை இட்டிருத்தல் வேண்டும்.

இப்பெயர்களின் உண்மை 2016ஆம் ஆண்டில் இரசாயனவியல் முறையாக விளக்கம் பெற்றது. அதற்குக் களமாக அமைந்தது யாவாத் தீவுக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்மஸ் தீவு. அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்ட அத்தீவிலே, வீட்டை விட்டுக் காட்டிலே பெருகிய பூனைகள் அரிய பறவைகளையும் சிறு பிராணிகளையும் அழித்துவந்தன. அவற்றைப் பொறியிலே சிக்கவைப்பதற்கு ஏற்ற கவர்ச்சிப் பொருளைத் தேடியவர்கள் குப்பைமேனி வேரைப் பரிசோதித்தனர். நசுக்கிய வேரிலிருந்து எழும் மணத்தை ஆராய்ந்தபோது, பூனைகளைக் கவர்வன என முன்னரே அறியப்பட்டிருந்த இரு பொருள்கள் அதிலே இருப்பது புலனாயிற்று. அவை இரண்டும் நெப்பெற்றலக்ரோன் சேர்ந்த இனத்துப் பொருள்கள். வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள், ஏறக்குறைய ஒரே மொழியில் பூனையுடன் பேசுகின்றன என்று சொல்லலாம். ஒன்றிலே அம்மொழி இலையில் உள்ளது. மற்றொன்றிலே வேரில் உள்ளது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. குப்பைமேனியைப் பயன்படுத்த விரும்புவோர் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

பூனைக்கு இதனால் வரும் நன்மை யாது? வெறும் களிப்புத்தானா? இவ்வினாவுக்கு யப்பானிய அறிஞர் ஒரு விடை கண்டுள்ளனர். யப்பானிலே ‘மத்ததாபி’ என்னும் கொடி உண்டு. அதுவும் பூனைகளை மயக்குவது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்விலே நூறு பூனைகளுக்கு இக்கொடியைக் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ எண்பது பூனைகள் அதற்கு வசப்பட்டன. கேட்னிப்புக்கு வசப்படாதவற்றுட் பலவும் இதற்கு இணங்கின. 2021ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளர் அக்கொடியிலுள்ள நெப்பெற்றலக்ரோல் என்னும் பொருளைப் பூனைகளுக்கு முகரக் கொடுத்தனர். பூனையின் உடலிலேயே சுரந்து இன்பமளிக்கும் பொருளின் அளவு அப்பொழுது இரத்தத்தில் உயர்ந்தது. அப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்தபோது பூனைகள் புரளவில்லை.

அவர்கள் மேலும் ஒன்றைக் கண்டனர். முகத்திலே அந்தப் பொருள் படிந்த பூனைகளின் மேல் நுளம்புகள் குறைவாகவே அமர்ந்தன. புதரிடையே பதுங்கி இரைக்காகக் காத்திருக்கும் பிராணிக்கு நுளம்புக்கடி பெருந்தொல்லை. ஆதலால், பூனை இலையிலே முகத்தைத் தேய்ப்பது, தன் உடம்புக்குத் தானே நுளம்பெதிர் மருந்து பூசிக்கொள்வதை ஒக்கும். கேட்னிப் பல பூச்சிகளை விரட்ட வல்லது என்பதை அமெரிக்க அறிஞர் தோமஸ் ஐஸ்னர் 1964ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காப்பதற்காக ஆக்கிய பொருளைப் பூனை தன் காப்புக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதே இவற்றால் பெறப்படும் முடிபு. ஆயினும், இதனைக் கேட்டு டெங்கு நுளம்புக்கு மருந்தாக வீட்டில் கேட்னிப்பைத் தொங்கவிடுவது வீண்செயல். தேங்கிய நீரை ஊற்றிவிடுவதே அதற்கு வழி.

இனி வாங்கும் முறையைப் பார்ப்போம். கடையிலே உலர்ந்த கேட்னிப் வாங்குவோர் முதலில் நிறத்தைக் கவனித்தல் வேண்டும். பசுமை மாறாத இலை நல்லது. பழுப்பேறித் தூளாகியது பழையது. தண்டுகள் மிகுதியாகவும் இலையும் பூவும் குறைவாகவும் உள்ள பொதியில் ஆற்றல் குறைவு. சிறிது எடுத்து விரல்களுக்கிடையே கசக்கினால் புதினாவை நினைவூட்டும் மணம் எழவேண்டும். மணமில்லாத பொதிக்குக் கொடுக்கும் பணம் வீண். காற்றுப் புகாதபடி மூடிய பொதியையே தேர்ந்தெடுத்தல் தகும். வீட்டுக்குக் கொண்டுவந்த பின் மூடியுள்ள போத்தலில் இட்டு, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்கவேண்டும். மட்டக்களப்பின் கோடையிலே குளிர்சாதனப் பெட்டியே அதற்குச் சிறந்த இடம். பொம்மையாக வாங்கினால், பூனை கடித்து விழுங்கக்கூடிய பொத்தானும் நூலும் அதில் இல்லாதிருப்பதைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். குடலிலே சிக்கிய நூல் பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

மருந்துச் சரக்குக் கடையிலே “பூனை மூலிகை” என்று பொதுவாகக் கேட்பது தவறு. தமிழிலே பூனையின் பெயரைத் தாங்கிய மூலிகைகள் பல. பூனைமீசை என்பது நீளமான கேசரங்கள் மீசை போல நீண்டிருப்பதாற் பெயர் பெற்றது. பூனைக்கு அதில் நாட்டமில்லை. பூனைக்காலி என்பதோ அதனினும் ஆபத்தானது. அதன் காய்களை மூடியுள்ள மயிர் உடம்பிற் பட்டால் தாங்கொணாத அரிப்பை உண்டாக்கும். அதைப் பூனையின் மூக்கிலே தேய்த்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும், குப்பைமேனி என்று பொடியாக விற்கப்படுவது பெரும்பாலும் இலைப்பொடியே. பூனைக்கு வேண்டியது வேர்.

வளவிலே குப்பைமேனி உள்ளவர் எதனையும் வாங்கவேண்டுவதில்லை. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது செடியை வேரோடு பிடுங்குக. தெருவோரத்துச் செடியும் கழிவுநீர் ஓடும் இடத்துச் செடியும் வேண்டா. களைநாசினி தெளித்த வயல் வரம்பிலிருந்தும் எடுத்தலாகாது. அந்த நஞ்சு செடியிலே தங்கிப் பூனையின் வாய்க்குச் செல்லும். வேரை நன்றாகக் கழுவி, இலையையும் தண்டையும் வெட்டி அகற்றிவிட்டு, விரல் நீளத் துண்டு ஒன்றைக் கல்லால் மெல்ல நசுக்குக. அதனைப் பழைய பருத்தித் துணியிலே வைத்து, அவிழாதபடி தைத்துச் சிறு பொட்டலமாக்குக. துணியின் ஊடாக மணம் வரும். வேர் வயிற்றுக்குள் செல்லாது.

உலர்ந்த கேட்னிப்பாயின் இருவிரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். அதனைப் பாயிலோ, பூனை நகந்தீட்டும் கட்டையிலோ தூவலாம். நாற்காலியையும் மெத்தையையும் பிறாண்டும் பூனையை, தென்னந்தும்புக் கயிறு சுற்றிய கட்டையொன்றுக்குப் பழக்குவதற்கு இது நல்ல உபாயம். வசப்பட்ட பூனையின் களிப்பு ஐந்து நிமிடம் முதல் பதினைந்து நிமிடம் வரை நீடிக்கும். அதன்பின் ஒரு மணி நேரம் வரையில், சிலவேளை அதற்கு மேலும், எவ்வளவு கொடுத்தாலும் அது பொருட்படுத்தாது. ஆகவே அளவைக் கூட்டுவதாற் பயனில்லை. பொட்டலத்தை எடுத்து மூடிவைத்துவிடல் வேண்டும். வாரத்திற்கு இரண்டு மூன்று முறைக்கு மேற்பட்டால் பூனைக்கு அதில் ஆர்வம் குன்றிவிடும்.

பூனை இதற்கு அடிமையாகிவிடுமோ என்று சிலர் ஐயுறுவர். அவ்வாறு ஆவதில்லை. கள்ளுக்கும் கஞ்சாவுக்கும் ஆட்பட்ட மனிதனைப் போலப் பூனை இதனைத் தேடி அலைவதுமில்லை, கிடைக்காவிடில் துன்புறுவதுமில்லை.

இத்தனை நன்மை இருந்தும் சில எச்சரிக்கைகளை மறத்தலாகாது. முதலாவது, கேட்னிப்பை மிகுதியாக உண்ட பூனைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகலாம். செறிந்த எண்ணெய் வகைகளை ஒருபோதும் பூனையின் உடம்பிற் பூசலாகாது. பூனையின் ஈரல் நம் ஈரலைப் போன்றதன்று; நமக்கு ஒத்துக்கொள்ளும் பல பொருள்களை முறித்து வெளியேற்ற அதனால் இயலாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் வில்லை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. எனவே, ‘நமக்கு மருந்து, பூனைக்கும் மருந்து’ என்று எண்ணிக் குப்பைமேனி இலைச்சாற்றைப் பூனைக்குப் புகட்டுதல் பெரும் பிழை. சயனைட்டை வெளிப்படுத்தத்தக்க ஒரு பொருள் அச்செடியிலே இருப்பதை இரசாயனவியலார் கண்டறிந்துள்ளனர். முகரக் கொடுப்பது வேறு. உண்ணக் கொடுப்பது வேறு. சினையாயிருக்கும் பூனைக்கும் நோயுற்ற பூனைக்கும் இவற்றைக் கொடாதிருப்பதே நன்று.

இரண்டாவது எச்சரிக்கை மனிதரைப் பற்றியது, முன்னையதிலும் முக்கியமானது. குப்பைமேனி இலையைக் கஞ்சியிலிட்டும் கறியாக்கியும் உண்ணும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கு வருவதில்லை. ஆனால் சிலருடைய செங்குருதிக் கலங்களிலே, அவற்றைக் காக்கும் நொதியம் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருக்கும். மருத்துவர் இதனை ஜீ-6-பீ-டி குறைபாடு என்பர். மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளிலே இக்குறைபாடு மிகுதி. ஆண்பிள்ளைகளிடையே அதிகம் காணப்படும். இலங்கையிலிருந்து 2016ஆம் ஆண்டில் மலேரியா நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலேரியா நீங்கினாலும் அக்குறைபாடு பரம்பரையாகத் தொடர்ந்து வருகிறது. அத்தகையோர் குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சியைப் பருகியபின் அவர்களுடைய செங்குருதிக் கலங்கள் திடீரெனச் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டுகளிலே மருத்துவ இதழ்களில் எழுதியுள்ளனர்.

அதன் அறிகுறிகளை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் நன்று. இலையை உண்ட ஓரிரு நாளில் பிள்ளை வெளிறிப்போதல், கண் மஞ்சளாதல், மூச்சு வாங்குதல், சிறுநீர் கடுந்தேநீரின் நிறமாதல் என்பன அவை. அவ்வாறு கண்டால், நாவூறு என்றோ செங்கமாரி என்றோ காலம் தாழ்த்தாமல், பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். எந்த இலையை உண்டது என்பதையும் மருத்துவரிடம் கூறவேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இக்குறைபாடு உண்டு என்று தெரிந்தால், அவருக்குக் குப்பைமேனியை எவ்வடிவிலும் கொடுத்தலாகாது. பூனைக்காகப் பிடுங்கிய செடியின் எஞ்சிய இலை, ‘வீணாக்குவானேன்’ என்ற சிக்கனத்தால் பிள்ளையின் கஞ்சிப் பானைக்குள் செல்லாதிருக்கட்டும்.

மூன்றாவது, களித்திருக்கும் பூனை சிலவேளை முரட்டுத்தனமாக விளையாடும். அப்பொழுது சிறுவர் அதைத் தூக்குதல் ஆகாது. ஒன்றோடொன்று பகைமையுள்ள இரு பூனைகளுக்கு ஒரே இடத்தில் கொடுப்பதும் தகாது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நோய் நாயாலேயே பெரும்பாலும் பரவுகிறது. ஆயினும் பூனையாலும் பரவும் என்பதைப் பலர் அறியார். நோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை.

இங்கேதான் பூனைவணங்கி ஒரு நல்ல பணியைச் செய்ய வல்லது. கிராமத்துப் பூனைகள் வீட்டிலே உண்டாலும் கைக்கு அகப்படுவதில்லை. மிருக வைத்தியர் தடுப்பூசி ஏற்ற ஊருக்கு வரும் நாளிலே, பூனை கூரை மேல் ஏறிவிடும். அல்லது பக்கத்து வளவுக்கு ஓடிவிடும். பிடிக்கச் சென்றவர் கையிலே காயத்தோடு திரும்புவார். ஆகவே பூனையின் பெயர் ஊசிப் பட்டியலில் ஏறுவதேயில்லை. கிறிஸ்மஸ் தீவிலே பூனையைப் பொறிக்குள் இழுப்பதற்கு ஆராய்ந்த அதே வேரை, நாம் அதன் உயிரைக் காப்பதற்குப் பயன்படுத்தலாம். மூடியுள்ள பிரப்பங்கூடை ஒன்றைச் சில நாள் முன்னதாகவே திண்ணையில் வைத்து, அதனுள்ளே நசுக்கிய வேர்ப் பொட்டலத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் இடுக. பூனை தானே உட்சென்று புரண்டு வரும். கூடை அச்சந்தரும் பொருள் என்னும் எண்ணம் அதற்கு நீங்கும். ஊசி ஏற்றும் நாளிலே மூடியைச் சாத்துவது எளிது. வேருக்கு வசப்படாத பூனைக்குக் கருவாட்டுத் துண்டு உதவும்.

கேட்னிப்பை வீட்டிலேயே வளர்க்க விரும்புவோரும் உண்டு. அது குளிர்நாட்டுச் செடி. மட்டக்களப்பின் கச்சான் காற்றையும் வெயிலையும் தாங்குவது அதற்குக் கடினம். காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரத்திலே, நீர் தேங்காத சாடியில் விதையிட்டு வளர்த்தால் ஓரளவு பயன் பெறலாம். ஆனால் முளைத்த நாள் முதல் பூனையிடமிருந்து அதைக் காக்கவேண்டும். இல்லையேல் செடி வளருமுன்னரே பூனை அதன் மேலே படுத்துவிடும். குப்பைமேனிக்கோ இத்தொல்லை ஒன்றுமில்லை. அதன் ஆற்றல் மண்ணுக்குள்ளே மறைந்திருப்பதால், பிடுங்கி நசுக்கும் வரை பூனை அதனைக் கடந்து சென்றுகொண்டேயிருக்கும்.

வாங்கும் பொருளையும் வளவிலுள்ள பொருளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். புறநாட்டுப் பூண்டு தாழ்ந்தது என்பதோ, நாட்டுச் செடி உயர்ந்தது என்பதோ இதனாற் பெறப்படும் முடிபன்று. இரண்டும் பூனைக்கு ஒரே வகை இன்பத்தை அளிப்பன. ஒன்றைப் பற்றிய விளக்கம் பொதியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. மற்றொன்றைப் பற்றிய விளக்கம் பாட்டியாரின் வாய்ச்சொல்லிலும், ஏட்டிலுள்ள ஒரு பெயரிலும் மட்டுமே தங்கியிருந்தது. அப்பெயர் உண்மை என்று ஆராய்ச்சி காட்டிவிட்டது. அதே ஆராய்ச்சி, அச்செடியின் இலை சிலருக்கு ஆகாது என்பதையும் காட்டியிருக்கிறது. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை மறந்துவிடுதல் அறிவுடைமை ஆகாது.

அடுத்த மாரி ஓய்ந்து களை பிடுங்கும் நாளிலே, கிணற்றடிச் செடிகளுட் பல்விளிம்புக் கிண்ணங்கள் நிறைந்த கதிரை நேயர்கள் தேடிப் பார்ப்பார்களாக. வேரைப் பூனைக்குக் கொடுங்கள். இலையைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். பூனை புரண்டு எழுந்து திண்ணைக்குத் திரும்பும் அந்தக் கால் மணி நேரத்தைச் சிறுவரோடு சேர்ந்திருந்து பாருங்கள். பூனைவணங்கி என்று பெயரிட்டவர் கண்ட காட்சியை அவர்களும் காண்பார்கள்.